சர்க்கரையைச் சீராக வைக்க, தட்டுக்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்

எதையெல்லாம் சாப்பிடக்கூடாது என்ற பட்டியலோடு ஆரம்பித்தால் சீக்கிரமே அலுத்துவிடும். அதனால் நேரத்திலிருந்து தொடங்குங்கள், தட்டை அப்புறம் மாற்றலாம்.

படி 1: உங்கள் எண்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தச் சர்க்கரை (மி.கி./டெ.லி. கணக்கில்) 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126-ம் அதற்கு மேலும் மறுபரிசோதனையிலும் வந்தால் சர்க்கரை நோய். கூடவே எச்பிஏ1சி பாருங்கள், ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று காட்டும் பரிசோதனை அது. ரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் பதிந்திருக்கும், முந்தைய நாள் மட்டும் பத்தியம் இருந்து அதைக் குறைத்துக் காட்ட முடியாது. 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. இன்னொன்று, இரவு ஒன்றும் சாப்பிடாமலே விடியற்காலையில் அளவு ஏறியிருந்தால் பதறாதீர்கள். அந்த நேரத்தில் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களால் கல்லீரல் தானே சர்க்கரையை வெளியே விடுகிறது.

படி 2: இரவு உணவை முன்னே நகர்த்துங்கள். இதுதான் முக்கியம் என்பேன். ஒரே உணவுதான், ஆனால் காலையில் சாப்பிடுவதைவிட இரவில் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது, ஏனென்றால் பொழுது சாய்ந்தபின் இன்சுலினுக்கு உடல் அவ்வளவாக இணங்குவதில்லை, இரவில் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதும் கணையமும் இன்சுலின் விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது இலக்கு. ஒரேயடியாக வேண்டாம், வாரத்துக்கு 15 நிமிடம் முன்னே இழுத்தால் போதும்.

படி 3: சாப்பிட்டதும் நடங்கள். 10, 15 நிமிடம் போதும். வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் தானே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போல ஆனதும் அளவு உச்சத்துக்குப் போகும், அதற்குள் நடந்துவிட வேண்டும்.

படி 4: சாப்பிடும் வரிசை. காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில். அவ்வளவுதான்.

படி 5: தூக்கம். சில இரவுகள் சரியாகத் தூங்காவிட்டாலே இன்சுலின் வேலை மந்தமாகிவிடும். ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குங்கள், விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் எழுந்திருங்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். 70-க்குக் கீழே இறங்கினால் அது உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி எடுங்கள். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் பழைய கணக்கும் கலந்துதான் வரும்.