கொழும்பில் ஒரு காணியை அளந்து படம் வரைவது எப்படி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ காணி வாங்குபவர் உறுதியில் எழுதப்பட்டிருக்கும் பேர்ச் கணக்குக்குப் பணம் கொடுக்கிறார். அவர் கைக்கு வருவதோ நான்கு எல்லைகளுக்குள் கிடக்கும் நிலம். இவை இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று கையெழுத்து வைக்கும் முன்னரே பார்த்துக்கொள்ளப் பெரிய கருவிகள் தேவையில்லை. முப்பது மீற்றர் உருக்கு அளவு நாடா, சில முளைகள், ஒரு தூக்குக்குண்டு, ஒரு குறிப்புப் புத்தகம், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் ஆகியவை போதும். இப்படி நாமே வரையும் படத்துக்குச் சட்ட வலு கிடையாது. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ்ப் பதிவும் உரிமமும் பெற்ற நில அளவையாளர் ஒப்பமிட்ட படத்தையே உறுதி எழுதுவதற்கு நம்ப வேண்டும். ஆயினும், தன் காணியைத் தானே ஒரு முறை அளந்து பார்த்தவருக்கு அவர் தரும் படத்தை வாசிக்கவும், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவும் தெரிந்திருக்கும்.

நில அளவையின் அடிப்படை விதிகளில் முதலாவது, முழுமையிலிருந்து பகுதிக்கு வருவது. பெரிய சட்டகத்தை முதலில் மிகக் கவனமாக அளந்து நிலைநிறுத்திவிட்டு, உள்ளே இருக்கும் சிறிய விவரங்களை அதன்மேல் பொருத்த வேண்டும். சிறியவற்றை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே போனால் ஒவ்வோர் அளவிலும் உள்ள சிறு பிழை அடுத்ததோடு சேர்ந்து பெருகும். இரண்டாவது, எந்த அளவையும் அதனோடு தொடர்பில்லாத இன்னோர் அளவால் சோதிப்பது. ஒரே தூரத்தை ஒரே ஆள் ஒரே விதமாக இரு முறை வாசிப்பது சோதனை ஆகாது; முதல் முறை செய்த தவறையே இரண்டாம் முறையும் செய்ய இடமுண்டு. இலங்கைத் தீவு முழுவதற்குமான முக்கோண வலையும் இவ்விதமே அமைந்தது. நீர்கொழும்புப் பக்கம் ஓர் அடிக்கோட்டை நேரடியாக அளந்து, அதிலிருந்து கோணங்களால் மலை உச்சிகளுக்குத் தாவிச் சென்று, மட்டக்களப்புப் பக்கம் அளந்த இன்னோர் அடிக்கோட்டோடு கணக்கை ஒப்பிட்டார்கள். 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்டு, இன்று நாரஹேன்பிட்டியில் இயங்கும் நில அளவைத் திணைக்களத்தின் படங்களுக்கு அடித்தளம் அந்த வலையே. பன்னிரண்டு பேர்ச் துண்டுக்கும் இந்த இரு விதிகளில் ஒன்றைக்கூட விட்டுவிட முடியாது.

முதலில் பழைய படம்

நாடாவை விரிக்கும் முன்னர் உறுதியையும் அதில் குறிப்பிடப்பட்ட நில அளவைப் படத்தின் பிரதியையும் எடுத்து வையுங்கள். படத்தின் இலக்கம், திகதி, துண்டு இலக்கம், அளவிடை, வடக்கு அம்பு, பரப்பு, நான்கு பக்க எல்லைகள் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பழைய உறுதிகளின் அட்டவணையில் எல்லைகள் பெரும்பாலும் அயலவரின் பெயரால் சொல்லப்பட்டிருக்கும். அந்த அயலவர் காணியை விற்றுப் போய் அங்கே தொடர்மாடி எழுந்திருந்தால், பெயரை வைத்துக்கொண்டு எல்லையைத் தேட முடியாது. படத்தில் உள்ள தூரங்களே வழிகாட்டும்.

பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச் என மூன்று எண்களாக எழுதப்பட்டிருக்கும். 40 பேர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர், ஆகவே ஏக்கருக்கு 160 பேர்ச். பேர்ச் என்பது முதலில் ஒரு நீள அளவு: 66 அடிச் சங்கிலியின் நான்கில் ஒன்று, அதாவது பதினாறரை அடி. அந்த நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரமே பரப்பளவுப் பேர்ச். அது 272.25 சதுர அடி, மீற்றரில் 25.29 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கில் பழகியவர்கள், ஒரு பரப்பு 10 பேர்ச் என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது.

நாடா பிடிக்கும் விதம்

தரையில் எல்லைக் கற்களைத் தேடுங்கள். மதிலையே எல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் கொழும்பில் மிகுதியாக நடக்கும் தவறு. மதில் எல்லைக்கு உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம், நடுக்கோட்டிலும் இருக்கலாம். அதன் தடிப்பு யாருக்குச் சேரும் என்பதைப் படமே சொல்ல வேண்டும். மதிலின் உட்புறத்தை அளந்தீர்களா, வெளிப்புறத்தையா, நடுவையா என்பதை ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் எழுதாவிட்டால், வீட்டுக்கு வந்து படம் வரையும்போது அந்த எண்ணால் பயனில்லை.

படத்துக்கு வேண்டியது கிடைத்தூரம், அதாவது கிடையாக அளந்த தூரம், மட்டுமே. சரிவில் நாடாவைத் தரையோடு கிடத்தி 20 மீற்றர் அளந்து, இரு முனைகளின் உயர வேறுபாடு 1 மீற்றராக இருந்தால், உண்மைக் கிடைத்தூரம் அதைவிட 2.5 சென்ரிமீற்றர் குறைவு. ஆகவே தாழ்ந்த முனையில் நாடாவை உயர்த்திக் கிடையாகப் பிடித்து, தூக்குக்குண்டால் புள்ளியைத் தரைக்கு இறக்குங்கள். தொய்வு வராதபடி இழுத்துப் பிடிப்பது முக்கியம். தொய்வும் வளைவும் எப்போதும் தூரத்தைக் கூட்டியே காட்டும். வெயில் ஏறியபின் உருக்கு நாடா நீளும்: 20 பாகை செல்சியசில் சரியாக இருக்கும் 30 மீற்றர் நாடா, 35 பாகையில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீண்டுவிடும். வீட்டுக் காணிக்கு இது பெரிதல்ல. ஆனாலும் காலையிலேயே அளந்து முடிப்பது நல்லது. துணி நாடாவை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். பூச்சியக் குறி நாடாவின் வளையத்தின் நுனியிலா, சற்று உள்ளேயா இருக்கிறது என்று பார்க்க மறக்காதீர்கள். அங்கே தவறினால் அன்று அளந்த எல்லாத் தூரங்களும் ஒரே அளவு பிழைபடும்.

மூலைவிட்டம் இல்லாமல் காணி இல்லை

நான்கு பக்கங்களை மட்டும் அளந்தால் நாற்பக்கலின் வடிவம் நிலைநிற்காது. அதே நான்கு பக்கங்களைக் கொண்டு கணக்கற்ற வடிவங்களை வரையலாம். ஒவ்வொன்றின் பரப்பளவும் வேறு. முக்கோணி அப்படியல்ல, மூன்று பக்கங்களும் தெரிந்தால் வடிவம் ஒன்றே. ஆகவே காணியை முக்கோணிகளாகப் பிரிக்க வேண்டும். அதற்கு மூலைவிட்டத்தை அளக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒழுங்கை ஒன்று காலி வீதியிலிருந்து சாய்வாக இறங்கும் இடத்தில் உள்ள காணியின் மூலைகள் வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அஆ 15.20, ஆஇ 20.40, இஈ 14.60, ஈஅ 20.10 மீற்றர். தரகர் சொல்லும் கணக்கு எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்குவது: 14.90 தர 20.25, அதாவது 301.73 சதுர மீற்றர், 11.93 பேர்ச். இப்போது அ முதல் இ வரை மூலைவிட்டத்தை அளந்தால் 28.00 மீற்றர் வருகிறது. ஒவ்வொரு முக்கோணிக்கும் மூன்று பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, பாதியையும் மூன்று மீதிகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். முதல் முக்கோணியில் பாதி 31.80, மீதிகள் 16.60, 11.40, 3.80, பரப்பளவு 151.22. இரண்டாவதில் பாதி 31.35, மீதிகள் 16.75, 11.25, 3.35, பரப்பளவு 140.68. மொத்தம் 291.90 சதுர மீற்றர், 11.54 பேர்ச். தரகரின் கணக்குக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 0.4 பேர்ச் வேறுபாடு. வெள்ளவத்தை விலையில் அது எத்தனை இலட்சம் என்று வாங்குபவரே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

இத்துடன் நிறுத்தினால் சோதனை இல்லை. மற்ற மூலைவிட்டமான ஆஈயையும் தரையில் அளக்க வேண்டும். மேலே உள்ள ஐந்து அளவுகளின்படி அது 21.90 மீற்றர் வர வேண்டும். நாடா ஓரிரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசத்துக்குள் அதைக் காட்டினால் ஆறு அளவுகளும் ஒன்றையொன்று ஆதரிக்கின்றன. 21.60 என்று காட்டினால் எங்கோ ஒரு வாசிப்பு தவறு. எது என்று ஊகித்துத் திருத்தாமல், ஆறையும் திரும்ப அளப்பதே நேர்மையான வழி. வீடு நடுவில் நின்று மூலைவிட்டத்தை மறைத்தால், மூலைக்கு அருகே இரு எல்லைகளிலும் 5 மீற்றர் தூரத்தில் புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து அந்த மூலையின் கோணத்தைக் கட்டலாம். ஆனால் குறுகிய முக்கோணியில் நேரும் ஒரு சென்ரிமீற்றர் பிழை, எல்லையின் மறுமுனையில் பல சென்ரிமீற்றராக விரியும். கோணமானி வைத்த கருவியோடு வரும் ஒருவரை அழைப்பதே அப்போது மேல். தியோடலைட்டிலோ டோட்டல் ஸ்டேஷனிலோ கோணங்களை அளக்கும்போதும் சோதனை உண்டு: நாற்பக்கலின் உட்கோணங்கள் 360 பாகைக்கும், ஐங்கோணத்தின் உட்கோணங்கள் 540 பாகைக்கும் கூட வேண்டும்.

விவரங்களும் படமும்

சட்டகம் உறுதியானபின் வீடு, கிணறு, மரம், மலசலக்குழி, மின்கம்பம் ஆகியவற்றைப் பிடிப்பது விரைவான வேலை. எல்லைக் கோடு ஒன்றின்மேல் நாடாவை விரித்து வைத்து, வீட்டின் மூலைக்கு நேரே வரும் தூரத்தையும் அங்கிருந்து மூலை வரை எல்லைக் கோட்டுக்குச் செங்கோணத்தில் உள்ள தூரமான குத்தளவையும் எழுதுங்கள். குத்தளவு செங்கோணமா என்று ஐயம் இருந்தால் 3, 4, 5 மீற்றர் முக்கோணி கட்டிப் பாருங்கள். வீட்டின் பக்க நீளத்தை நேரடியாகவும் அளந்துகொண்டால் அது குத்தளவுகளுக்குச் சோதனையாகும்.

1:200 அளவிடையில் 28.00 மீற்றர் 14 சென்ரிமீற்றராகும். சாதாரணத் தாளிலேயே முழுக் காணியும் அடங்கும். மூலைவிட்டத்தை முதலில் வரைந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் கவராயத்தால் விற்களை வெட்டி மற்ற இரு மூலைகளையும் பெறுங்கள். அளந்த எண்களைக் கோடுகளின்மேல் எழுதுங்கள். படத்தை அளவுகோலால் அளந்து தூரம் சொல்வதைவிட எழுதிய எண்ணை நம்புவதே முறை.

வடக்கு அம்புக்குக் காந்தத் திசையறி கருவியைப் பயன்படுத்தினால், கொழும்பில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 2 பாகை மேற்கே சாய்ந்து நிற்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 20 மீற்றர் நீளக் கோட்டின் முனையில் 2 பாகை என்பது 70 சென்ரிமீற்றர். இரும்புக் கதவுக்கும் நிறுத்திய வாகனத்துக்கும் அருகில் ஊசி அதைவிட மோசமாக ஏமாற்றும். பழைய படத்தின் வடக்கும் உங்கள் வடக்கும் ஒத்துவராவிட்டால், எல்லை நகர்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

மழைநீர் எங்கே போகும்

கால்வாய்க்கு அருகே, குறிப்பாகப் பாமன்கடை, கிருலப்பனைப் பக்கங்களில், பரப்பளவைவிட மட்டமே முக்கியமான கேள்வி. மேசன்மார் பயன்படுத்தும் தெளிவான நீர்க்குழாய் இதற்குப் போதும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாதவரை இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கிடையான கோட்டில் பார்க்க உதவும் மட்டக்கருவி கிடைத்தால், வீதியோரத்தில் ஒரு புள்ளிக்கு 10.000 மீற்றர் என்று பெயரிட்டு, அங்கே நிறுத்திய அளவுகோலில் 1.425 வாசித்தால் கருவியின் பார்வைக்கோடு 11.425. பின்புற மூலையில் 1.780 வாசித்தால் அதன் மட்டம் 9.645. பின்வளவு வீதியைவிட 35.5 சென்ரிமீற்றர் தாழ்வு என்பது இதன் பொருள். நிரப்பாமல் அங்கிருந்து வீதி வடிகாலுக்கு நீர் ஓடாது. கருவியை இரு புள்ளிகளுக்கும் சம தூரத்தில் வைத்தால் அதன் உள்ளார்ந்த சாய்வுப் பிழை தானாகக் கழிந்துவிடும். முடிவில் வீதிப் புள்ளிக்குத் திரும்பி வந்து 10.000 கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கைத்தொலைபேசியை எல்லைக்கு நம்ப வேண்டாம்

கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீற்றர் பிழையோடுதான் இடம் சொல்லும். தொடர்மாடிகளுக்கிடையே சமிக்ஞை சுவர்களில் பட்டு வருவதால் பிழை இன்னும் கூடும். அளவையாளர்கள் கொண்டுவரும் சென்ரிமீற்றர் அளவுக் கருவி வேறு வகை. அதிலும் ஆள்கூறு, அதாவது புள்ளியின் இடத்தைக் குறிக்கும் எண்கள், எந்த முறையைச் சார்ந்தது என்று கேட்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் இலங்கை வலையமைப்பில் பிதுருதலாகலைத் தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கு, வடக்கு ஆகிய இரு திசையிலும் 500,000 மீற்றர் கொடுக்கப்பட்டுள்ளது, பழைய வலையமைப்பில் 200,000. ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமி வடிவமும் நம் வலையமைப்பில் உள்ள, எவரெஸ்ட் எனப் பெயரிட்ட பூமி வடிவமும் வேறு என்பதால், மாற்றாமல் கலந்தால் புள்ளி நூறு மீற்றருக்கு மேல் தள்ளிப்போகும். உயரத்தில் இன்னும் வியப்பு: பூமியின் வடிவமாக ஜிபிஎஸ் எடுத்துக்கொள்ளும் கணித நீள்கோளத்தைவிடக் கடல்மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும் பகுதியில் இலங்கை இருப்பதால், காலிமுகத்திடலில் நிற்கும் ஒருவருக்கு மாற்றப்படாத ஜிபிஎஸ் உயரம் பூச்சியத்துக்குக் கீழே தொண்ணூறு மீற்றர் அளவில் காட்டும்.

அளவையாளரிடம் போகும்போது

உங்கள் படத்தையும் பழைய படத்தின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய படத்தை இன்றைய நிலத்தின்மேல் பொருத்திக் காட்டும்படி கேளுங்கள். எங்கே மதில் எல்லையைத் தாண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். தாண்டியிருந்தால் காலம் தாழ்த்த வேண்டாம். பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிரிடையாக ஆண்டுவந்தவர் உரிமை கோர 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. கற்களை நடும் நாளில் அயலவரையும் அழைத்து நிற்கச் செய்யுங்கள். வீதிப் பக்கத்து எல்லைக்கு மாநகர சபையின் தெருக்கோடு எங்கே வருகிறது என்பதையும் கட்டடப் படம் வரைவதற்கு முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வீதி அகலிப்புக்கு ஒதுக்கிய கீற்று உங்கள் உறுதியில் இருந்தாலும் அதன்மேல் கட்டடம் எழுப்ப அனுமதி கிடைக்காது.