அணையில் எத்தனை யூனிட் இருக்கிறது? நீலகிரிக்காரர்கள் தாங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது, ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அதனால் ஒரு பல்பைக்கூட எரிய வைக்க முடியாது. காற்றாலையும் சோலாரும் இவ்வளவு இருக்கிற தமிழ்நாட்டில் இதுதான் இப்போதைய பிரச்சினை: மத்தியானம் கரண்ட் மிஞ்சுகிறது, வீட்டுக்கு வீடு லைட் போடுகிற நேரத்தில் குறைகிறது. மிஞ்சியதை எங்காவது வைத்திருந்து ராத்திரி எடுக்க வேண்டும், அப்படி வைக்கக்கூடிய இடங்களில் முக்கியமான சில நம் மலையில்தான் இருக்கின்றன. அதனால் இந்தக் கணக்கு மற்றவர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, குந்தா, மஞ்சூர், ஊட்டி பக்கத்தில் இருக்கிற நமக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு இயற்பியலும் ஃபோனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். சேமிப்பு என்றால் எப்போதும் இரண்டு எண்கள். தண்ணீர்த் தொட்டியில் குழாயின் தடிமன் ஒன்று, தொட்டியின் கொள்ளளவு வேறு, இல்லையா? மெகாவாட் என்பது குழாய், யூனிட் என்பது தொட்டி. 1 மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1000 யூனிட். "500 மெகாவாட் சேமிப்பு" என்று மட்டும் எழுதியிருக்கும் செய்தி குழாயை மட்டும்தான் காட்டுகிறது, எத்தனை மணி நேரம் என்று சேர்த்துச் சொன்னால்தான் தொட்டி தெரியும்.

அடுத்து மனப்பாடம் செய்ய வேண்டிய எண் ஒன்றே ஒன்று: 367. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அதில் அடங்கும் ஆற்றல் சரியாக 1 யூனிட். ஆகவே கன மீட்டரை உயரத்தால் (மீட்டரில்) பெருக்கி 367-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும், ஒரு கன மீட்டர் என்பதுதான் ஆயிரம் லிட்டர். டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் குழாயிலும் கொஞ்சம் போய்விடும், அதற்காக விடையை 0.85-இலிருந்து 0.9 வரை ஏதாவது ஒன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதை முதலில் வீட்டில் போட்டுப் பாருங்கள். சரிவில் வீடு, கீழே கிணறு, 20 மீட்டர் மேலே 5000 லிட்டர் டேங்க். 5 × 20 ÷ 367, அதாவது 0.27 யூனிட். கால் யூனிட்தான்! மேல் டேங்கில் தண்ணீர் ஏற்றி வைத்து ராத்திரி சின்ன டர்பைன் வைத்துக் கரண்ட் எடுக்கலாம் என்று காட்டும் வீடியோக்களை நம்பிப் பணம் போடுவதற்கு முன் இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுவிடுங்கள். தண்ணீரில் கரண்ட் சேமிக்க வேண்டுமென்றால் உயரம் நூற்றுக்கணக்கில் வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் லட்சம் லட்சமாக வேண்டும்.

ஆனால் அதே வீட்டில் வெந்நீரைப் பாருங்கள். ஊட்டிக் குளிரில் 100 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 4 யூனிட் ஆகும். அந்த 4 யூனிட்டை மேல் டேங்கில் தண்ணீராக வைக்க வேண்டுமென்றால் 73,000 லிட்டர் ஏற்ற வேண்டியிருக்கும். இன்வெர்ட்டருக்கு வாங்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் ஏட்டில் 1.8 யூனிட், பேட்டரி சீக்கிரம் கெடாமல் இருக்கப் பாதிதான் இறக்க வேண்டும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் போய்விடும் என்பதால் கையில் கிடைப்பது முக்கால் யூனிட்டை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே கூரையில் சோலார் போட்டிருக்கும் மலைவாசிகளுக்கு என் யோசனை இதுதான்: பகல் வெயிலில் மோட்டாரை ஓட்டுங்கள், நன்றாக உறை போட்ட டேங்கில் வெந்நீர் காய்ச்சி வையுங்கள், பேட்டரியை லைட்டுக்கும் ரௌட்டருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், லித்தியம் பேட்டரி வாங்கினால் அதை வெளி ஷெட்டில் வைக்க வேண்டாம். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெடும், தலைகுந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொட்டுகிற விடியற்காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அணைக்கு வருவோம்.

மழைக்காலத்தில் பேப்பரில் அணை நிலவரம் வரும்: எமரால்டு மொத்தம் 184 அடி, அப்பர் பவானி 210 அடி, பைக்காரா 100 அடி, இன்றைக்கு இத்தனை அடி என்று. அந்த அடிக்கணக்கை வைத்து யூனிட் போட முடியாது. அணை கீழே குறுகி மேலே அகன்றிருக்கும் என்பதால், மேலே இருக்கும் பத்து அடியில் அடங்கும் தண்ணீர் அடியில் இருக்கும் பத்து அடியில் அடங்குவதைப்போலப் பல மடங்கு. "பாதி அடி இருக்கிறது, ஆகவே பாதித் தண்ணீர்" என்று நினைத்தால் தப்பாகிவிடும், பாதியைவிட நிறையக் குறைவாகத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது மில்லியன் கன அடிக் கணக்கு. ஒரு மில்லியன் கன அடி என்றால் 28,317 கன மீட்டர். அதிலும் மதகுக்குக் கீழே தங்கிவிடும் தண்ணீரைக் கழித்துவிடுங்கள், அது டர்பைனுக்கு வராது.

உயரம் எடுப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அணையின் உயரம் இங்கே உயரமே இல்லை, தண்ணீர் மட்டத்துக்கும் பவர்ஹவுஸுக்கும் உள்ள இறக்கம்தான் உயரம். எமரால்டு தண்ணீர் குந்தா பவர்ஹவுஸில் ஒரு முறை சுழன்று, கெத்தையில் இன்னொரு முறை, பரளியில் இன்னொரு முறை, கடைசியில் பில்லூரில் ஒரு முறை என்று இறங்குகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் இறக்கம் சுமார் 1500 மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டருக்கு ஏட்டில் 4 யூனிட், கையில் மூன்றரை. ஒரு மில்லியன் கன அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் யூனிட்! அதற்குப் பிறகும் அந்தத் தண்ணீர் தீர்ந்துபோவதில்லை, கோவைக்குக் குடிநீராகவும் பவானிப் பாசனத்துக்கும் போகிறது. இந்த மலையின் மதிப்பை எனக்கு இந்த ஒரு எண் புரிய வைத்த அளவுக்கு வேறு எதுவும் புரிய வைக்கவில்லை.

இப்படிப்பட்ட சாதாரண அணையே ஒரு சேமிப்புதான். 1932 முதல் ஓடும் பைக்காராவாகட்டும் குந்தா வரிசையாகட்டும், பகலில் சோலார் வரும்போது மதகை மூடி வைத்து மாலையில் திறந்தால் போதும், பம்ப் எதுவும் வேண்டாம். இரண்டாவது வகை நீரேற்று மின்நிலையம். கீழ் அணையிலிருந்து மேல் அணைக்கு மிச்ச கரண்ட்டில் ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவது. ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் 1987-இலிருந்து இருக்கிறது. நம் பக்கம் குந்தா நீரேற்றுத் திட்டம், நான்கு 125 மெகாவாட் இயந்திரங்கள், மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி-எமரால்டு. இரண்டுமே பழைய அணைகள், இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சமே அதுதான்.

இதற்குக் கணக்கு போடுவோம். உயரம் எடுத்துக்காட்டுக்கு 200 மீட்டர் என்று வையுங்கள். ஒரு மில்லியன் கன அடிக்குக் கையில் சுமார் 14,000 யூனிட். 500 மெகாவாட் ஒரு மணி நேரம் ஓட 5 லட்சம் யூனிட் வேண்டும், ஆகவே மணிக்கு 36 மில்லியன் கன அடி போல இறங்கும். மாலை நான்கு மணி நேரம் ஓட்டினால் அதன் நான்கு மடங்கு. மேல் அணையில் அந்த நேரம் அவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும், கீழ் அணையில் அவ்வளவு இடமும் இருக்க வேண்டும். மறுநாள் ஏற்றும்போது 100 யூனிட் செலவழித்தால் திரும்பக் கிடைப்பது 70 முதல் 80 வரைதான். மிஞ்சுகிற காற்றும் வெயிலும் இருந்தால் இந்த நஷ்டம் பரவாயில்லை, நிலக்கரி எரித்து ஏற்றினால் யோசிக்க வேண்டிய விஷயம்.

பருவத்தையும் விட்டுவிடாதீர்கள். முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று அடிக்கிற அதே தென்மேற்குப் பருவத்தில்தான் அவலாஞ்சியிலும் மழை கொட்டுகிறது, 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அணைகள் நிரம்பி வழியும் வாரத்தில் காற்றாலை கரண்ட் மிஞ்சினாலும் ஏற்றி வைக்க இடம் இருக்காது. தேவை உச்சத்துக்குப் போவது கோடையில், 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஜூலைக் காற்றை மே மாதத்துக்கு எடுத்துப்போக நீரேற்று நிலையத்தால் ஆகாது. அது மத்தியானத்தை ராத்திரிக்கு நகர்த்தும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் நகர்த்த முடிந்தது பெரிய அணைகளில் நிறுத்தி வைக்கும் மழைத் தண்ணீர் ஒன்றுதான், அதனால் பகலில் சோலார் இருக்கும்போது அந்தத் தண்ணீரை வீணாக இறக்காமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய மலிவான சேமிப்பு.

இவ்வளவும் தெரிந்துகொண்டால், ஊரில் புதுத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கும்போது வெறும் கையோடு போக வேண்டியதில்லை. சில்லஹல்லாவில் 1000 மெகாவாட் திட்டம் என்று பேச்சு வந்தபோது காய்கறித் தோட்டங்கள் மூழ்கும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள், அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. அப்படி ஒரு கூட்டத்தில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள். ஏற்றுவதற்கான கரண்ட் எந்த மாதங்களில், எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் அணைகளை வைத்து இதே யூனிட்டைச் சேமிக்க முடியுமா என்று கேட்டு, மில்லியன் கன அடியையும் இறக்கத்தையும் எழுத்தில் வாங்குங்கள், மீதிக் கணக்கை அங்கேயே ஃபோனில் போட்டுவிடலாம்.