கூம்பு நத்தை மருந்துச் செய்தியைப் பென்சிலோடு படிப்பது எப்படி

"நத்தை விஷத்தில் வலி மருந்து" என்று ஒரு செய்தி வந்தால் போதும், என் பயோகெமிஸ்ட்ரி வகுப்பில் யாராவது ஒருவர் போனை நீட்டிவிடுவார். இந்த நத்தை, விஷம் பாய்ச்சி இரை பிடிக்கும் கடல் நத்தையான கூம்பு நத்தை. நான் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பெப்டைடுக்குப் பெயர் என்ன?" (பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி.) பெயரே போடாத செய்தியை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. பெயர் இருந்தால் பென்சிலை எடுங்கள்.

ஒமேகா-கோனோடாக்சின் எம்-7-ஏ. இதையே எடுத்துக்கொள்வோம். (ஏழை ரோமன் எண்ணில்தான் எழுதுவார்கள்.) ஒமேகா என்றால் அது போய் அடைப்பது நரம்பு முனையிலுள்ள கால்சியம் சேனலை, அதாவது கால்சியம் உள்ளே நுழையும் வாசலை. மியூ என்றால் சோடியம் சேனல், ஆல்ஃபா என்றால் அசிட்டைல்கோலின் ஏற்பி (அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளை வாங்கும் புரதம்). எம் என்பது நத்தையின் அறிவியல் பெயரில் இரண்டாம் சொல்லின் முதலெழுத்து, கோனஸ் மேகஸ். அங்கே ஜி இருந்தால் ஆளையே கொல்லும் கோனஸ் ஜியாகிரஃபஸ். மன்னார் வளைகுடாவிலும் கூம்பு நத்தைகள் உண்டு. ராமேஸ்வரம் கடைகளில் விற்பது வெறும் ஓடுதான், பயப்பட வேண்டாம். தண்ணீரில் உயிரோடு கிடப்பதை மட்டும் எந்தப் பக்கமாகவும் பிடித்துத் தூக்காதீர்கள். அது கொட்டினால் விஷத்துக்கு முறிமருந்து கிடையாது, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை.

சரி, அந்த 7? சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் சங்கிலியில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கான எண் அது. இதை வரைந்து பார்த்தால்தான் புரியும். கோனோசர்வர் என்ற இலவசத் தரவுத்தளத்தில் பெயரைத் தட்டினால் முழு வரிசையும் கிடைக்கும். நீளவாக்கில் வெட்டிய பேப்பரில் 25 கட்டம் போடுங்கள். 1, 8, 15, 16, 20, 25 ஆகிய கட்டங்களில் சிவப்பு வட்டம். தனி, தனி, ஜோடி, தனி, தனி என்று வருகிறதா? அதுதான் ஏழாம் வரிசை. இப்போது 1-ஐ 16-உடனும், 8-ஐ 20-உடனும், 15-ஐ 25-உடனும் வளைகோட்டால் இணையுங்கள். மூன்று கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். பூக்கட்டுகிறவர் நாரை இழுத்து முடிச்சுப் போட்டதுபோல் சங்கிலி இறுகி நிற்பது இந்தக் கந்தகப் பிணைப்புகளால்தான். இவற்றை அறுத்துவிட்டால் அதே 25 அமினோ அமிலமும் தொளதொளவென்றாகிவிடும், சேனலின் வாயில் பொருந்தாது.

இந்தப் பெப்டைடை யூட்டா பல்கலைக்கழகத்தில் பால்டொமேரோ ஒலிவேராவின் ஆய்வகம் கண்டெடுத்தது. ஒலிவேரா பிலிப்பைன்ஸ்காரர், நத்தை ஆய்வைத் தொடங்கியதும் அங்கேதான். ஸிகோனோடைடு என்ற பெயரில் 2004 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. இன்று எந்த நத்தையையும் பிழிவதில்லை, முழுக்க ஆய்வகத்தில் தயாராகிறது.

அடுத்த கேள்வி: உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது? செய்திகள் நழுவும் இடம் இதுதான். விழுங்கினால் வயிறு செரித்துவிடும். ரத்தத்தில் ஏற்றினால் அழுத்தம் இறங்கும், தண்டுவடத்துக்கும் சரியாகப் போய்ச் சேராது. ஆகவே வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்ப் வைத்து, மெல்லிய குழாய் வழியே தண்டுவட நீருக்குள் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். தொடக்க அளவு நாளொன்றுக்கு அதிகபட்சம் 2.4 மைக்ரோகிராம். கூட்டுவதும் மெதுவாகத்தான், ஏனென்றால் குழப்பம், இல்லாதது தெரிவது போன்ற மனநலச் சிக்கல்கள் வரலாம். மருந்தின் குறிப்பேட்டில் இது கட்டம் கட்டியே போட்டிருக்கிறது. ஆனால் மார்ஃபினைப்போல் உடம்பு பழகிப்போய் டோஸ் ஏற வேண்டியதில்லை, சட்டென்று நிறுத்தினாலும் ஏக்கக் கோளாறு வராது. மற்ற எதற்கும் மசியாத கடும் வலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். முட்டிவலிக்குக் கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டவே வேண்டாம்.

"சர்க்கரைக்கு நத்தை இன்சுலின்" என்று பார்த்தால் அதுவும் கதையல்ல. கோனஸ் ஜியாகிரஃபஸ் இன்சுலினை விட்டு மீனைச் சர்க்கரை குறைந்து மயங்க வைக்கிறது என்று 2015-இல் வெளியானது. நம் இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிந்த பிறகுதான் வேலை. நத்தையின் இன்சுலினில் அந்த ஒட்டும் வால் இல்லை. வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கு இதை மாதிரியாக வைத்து ஆய்வு நடக்கிறது. ஊசியாக வந்துவிடவில்லை.

கடைசியாக, சோதித்தது எலியிலா மனிதரிலா என்று தேடுங்கள். கோனஸ் விக்டோரியே என்ற ஆஸ்திரேலிய நத்தையிலிருந்து வந்த விசி-1.1 என்ற பெப்டைடு எலிகளின் நரம்பு வலியை நன்றாகவே குறைத்தது. மனித ஏற்பியில் அதன் பிடி பலவீனம் என்று தெரிந்ததும் 2007-இல் அந்த மருந்து முயற்சியைக் கைவிட்டார்கள்.