மலைக்கிராமத்துக்கு டவர் கேட்பது எப்படி: உச்சி வேண்டாம், ஒல்லிக் கம்பம் போதும்

கொல்லிமலையில் எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் டவர் பேச்சு வந்துவிடும். "உச்சியில பெருசா ஒண்ணு போட்டுட்டா எல்லா ஊருக்கும் கெடைச்சிரும் சார்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். டவருக்கு இடம் பார்க்கும் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தலையாட்ட மாட்டேன். உச்சியில் போட்டால் கீழே நாமக்கல் ரோட்டில் போகிறவருக்குச் சிக்னல் கிடைக்கும். மடிப்புக்குள் இருக்கும் நம் ஊருக்குக் கிடைக்காது.

காரணம் எளிது. போன் அலைக்கு மலையைத் துளைத்துப் போகத் தெரியாது. அதோடு ஆன்டெனாவின் வீச்சு பக்கவாட்டில் அகலமாகவும் மேலும் கீழும் மிகக் குறுகலாகவும் இருக்கும். உச்சியிலிருந்து கிளம்புவது பக்கத்துப் பள்ளத்தைத் தாண்டித் தூரத்துச் சமவெளியில் போய் விழும், அங்கே இருக்கும் மற்ற டவர்களையும் குழப்பும். அதனால் கம்பெனிக்காரர்களுக்கே உச்சி பிடிக்காது. நமக்குத் தேவை ஊருக்கு எதிரே, ஊரைப் பார்த்தபடி, மரங்களுக்கு மேல் கொஞ்சம் தலை நீட்டும் ஒரு ஒல்லிக் கம்பம். பணமும் குறைவு, மலையின் அழகும் கெடாது.

ஆனால் கம்பம் கேட்பதற்கு முன்னால் அளக்க வேண்டும். "எங்க ஊர்ல டவரே இல்லீங்க" என்று எழுதும் மனுவை ஒருவரும் படிப்பதில்லை. போனில் தெரியும் கோடுகளையும் நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் அதைத் தன் இஷ்டத்துக்குக் காட்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று அடித்தால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் வரும். வராவிட்டால் அதற்கென்றே இலவச செயலிகள் இருக்கின்றன. அளவு மைனஸில் இருக்கும், எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் மோசம். 4ஜியில் −90 வரை கவலையில்லை. −105ஐத் தாண்டினால் வீட்டுக்குள் பேச்சு விட்டுவிட்டு வரும். −115க்கு மேல் போனால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, 108 வண்டி வந்து நிற்கும் இடம், பஸ் நிற்கும் இடம், கடைசி வீடு. ரேஷன் கடையை விட்டுவிடாதீர்கள். கைரேகை வைக்கும் கருவிக்கு நெட்வொர்க் கிடைக்காமல் அரிசி தாமதமாகிறது என்ற ஒரு வரி, பத்துப் பக்க மனுவுக்குச் சமம். ஒவ்வோர் இடத்திலும் வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை அளந்து எழுதுங்கள். தகரக் கூரைக்கு உள்ளே சிக்னல் சட்டென்று விழுவதைப் பார்ப்பீர்கள். எந்த கம்பெனி சிம், என்ன நேரம் என்பதும் இருக்கட்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் போட வேண்டும். அதில் உங்கள் ஊருக்கு வண்ணம் பூசியிருந்து, உங்கள் நோட்டில் −118 என்று இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். பதில் வராமல் இருக்காது.

அளக்கும்போதே சில ஊர்களுக்குப் புது டவரே தேவையில்லை என்று தெரிந்துவிடும். கரண்ட் போனதும் சிக்னலும் போகிறதா? அப்படியானால் பக்கத்து டவரில் பேட்டரி செத்துக் கிடக்கிறது, அதை மாற்றச் சொன்னால் போதும். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகலாம். ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் இணையக் கேபிள் வந்திருந்தால் வைஃபை காலிங், அதாவது டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே போன் பேசுவது, ஒரு நல்ல இடைக்கால ஏற்பாடு. ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டர் மட்டும் வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் வைப்பது சட்டவிரோதம், மேலும் ஒரு வீட்டுக்காரர் வைத்தால் ஊர் முழுக்கப் பேச்சு கெடும்.

சரி, கம்பம்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. இடத்தைக் கம்பெனிக்காரர் வந்து பார்க்கட்டும் என்று விடாமல் நீங்களே மூன்று இடம் பார்த்து வையுங்கள். ஊருக்கு எதிர்ச் சரிவில் நின்று பாருங்கள், எத்தனை கூரை கண்ணுக்குத் தெரிகிறதோ அத்தனைக்கும் சிக்னல் உண்டு. நம் மலையில் ஒரு வசதி இருக்கிறது. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிறவரிடம் சொல்லி, உச்சிக் கொப்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று துணி தெரிகிறதா என்று பாருங்கள். சிக்னல் எங்கே வரும் என்பது தெரியும். கம்பம் யார் கண்ணை உறுத்தும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஊரைப் பார்த்தால் மட்டும் போதாது. கம்பத்துக்கு வெளியுலகத் தொடர்பு வேண்டும். ஃபைபர் இல்லையென்றால் மைக்ரோவேவ் டிஷ் வழியாக இன்னொரு டவரோடு பேச வேண்டும், நடுவில் ஒரு மரக்கிளைகூட மறைக்கக் கூடாது. நாங்கள் அந்தக் காலத்தில் வெயில் நேரத்தில் கண்ணாடி அடித்துப் பார்ப்போம். அந்தப் பக்கத்திலிருந்து பளிச்சென்று தெரிந்தால் வழி சரி. இன்றைக்கு கூகுள் எர்த்தில் கோடு போட்டாலே நடுவில் நிற்கும் மேடு தெரிந்துவிடும், ஆனால் மரத்தின் உயரத்தை அது சொல்லாது. மின்கம்பி பக்கத்தில் இருக்கிறதா, மழைக்காலத்தில் ஜீப் போகுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில்வர் ஓக் வேகமாக வளரும் மரம். இன்றைய உச்சியை வைத்துக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்தால் சில வருடத்தில் இலைக்குள் ஆன்டெனா முங்கிவிடும். நான்கைந்து மீட்டர் கூடுதலாகக் கேளுங்கள்.

கண்ணை உறுத்தாமல் வைப்பது தனிக் கலை. வழக்கமான நாலுகால் இரும்புக் கோபுரத்துக்குப் பதிலாக மோனோபோல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒற்றைத் தண்டு, கேபிள் உள்ளேயே போய்விடும், ஆன்டெனாவைத் தண்டோடு ஒட்டிக் கட்டலாம். நிறம் பார்க்கிற திசையைப் பொறுத்தது. பின்னால் வானம் தெரிந்தால் மங்கிய சாம்பல், பின்னால் மரம் தெரிந்தால் பளபளப்பில்லாத கரும்பச்சை. எல்லாவற்றுக்கும் பச்சை அடித்தால் வானத்துக்கு எதிரே அது கறுப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பனைமரம் போல பிளாஸ்டிக் ஓலை வைத்த டவர்களும் உண்டு. நிஜப் பனைகளுக்கு நடுவே நின்றால் தெரியாது, ஆயிரம் மீட்டருக்கு மேல் மலையில் ஒரு பனை நின்றால் சுற்றுலா வருகிறவர்கள் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். முகட்டின் விளிம்பில் வைக்காமல் சற்றுக் கீழே இறக்கி வைத்தால் பின்னணியில் மலையே மறைத்துக்கொள்ளும். ஆகாய கங்கைக்குப் போகும் பாதையிலிருந்தும் எட்டுக்கை அம்மன் கோயில் பக்கமிருந்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கம்பத்தைவிட ஜெனரேட்டர்தான் பெரிய தொல்லை. கம்பத்தை ஒரு மாதத்தில் கண் மறந்துவிடும், ராத்திரி ஓடும் டீசல் சத்தத்தைக் காது மறக்காது. லித்தியம் பேட்டரி வையுங்கள் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

கதிர்வீச்சு பயம் கட்டாயம் வரும். சிரித்து ஒதுக்காமல் பதில் சொல்லுங்கள். 2012 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் டவர்களுக்கான வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். தரங் சஞ்சார் என்ற அரசுத் தளத்தில் எந்த டவரையும் தேடிப் பார்க்கலாம், கட்டணம் கட்டினால் வந்து அளந்தும் காட்டுவார்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: சிக்னல் பலவீனமான இடத்தில் காதோரம் இருக்கும் போன் தன் முழு பலத்தையும் கொட்டிப் பேசுகிறது. டவர் பக்கத்தில் வந்தால் அது குறையும்.

அப்புறம் காகிதம். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். நோட்டில் எழுதிய அளவுகள், மூன்று இடங்களின் ஜிபிஎஸ் எண்கள், போட்டோக்கள் எல்லாம் இணைப்பு. ஒரு பிரதி திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம், ஒன்று எம்.பி.யிடம், ஒன்று சென்னையில் உள்ள தொலைத்தொடர்புத் துறையின் தமிழ்நாடு அலுவலகத்துக்கு, மற்றவை கம்பெனிகளுக்கு. சிக்னலே இல்லாத ஊர்களுக்காக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ₹26,316 கோடியில் 4ஜி திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது, பிஎஸ்என்எல் செய்கிறது. உங்கள் ஊர் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். டிஜிட்டல் பாரத் நிதி என்ற அரசு நிதியில் அமைந்த 4ஜி டவர்களை ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூவரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று கம்பெனிக்கு மூன்று கம்பம் நடுவதைத் தடுக்க இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

பார்த்த இடம் வன நிலமாக இருந்தால் நாளாகும். ஊர் வசதிகளுக்கு வன நிலத்தைத் தர வழி செய்யும் 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)இல் தொலைத்தொடர்பு லைனும் உண்டு. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான இடத்துக்கு கிராம சபையின் பரிந்துரை பெரிய பலம். முடிந்தவரை ஊராட்சிப் பொது இடமாகப் பாருங்கள். தனியார் நிலமென்றால் பட்டா வகையைத் தாசில்தாரிடம் கேட்டுவிடுங்கள், வாடகை யாருக்கு என்ற சண்டையையும் எதிர்பாருங்கள். "உங்க நிலத்துல டவர் வைக்கிறோம், முன்பணம் கட்டுங்க" என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். டவர் வைக்க டிராய் தடையில்லாச் சான்று எதுவும் தருவதில்லை. அந்தக் காகிதத்தைக் காட்டிப் பணம் கேட்பவன் ஏமாற்றுக்காரன்.

டவர் ஓட ஆரம்பித்ததும் அதே நோட்டை எடுத்துக்கொண்டு அதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். எங்காவது −110 வந்தால் பொறியாளர் ஊரில் இருக்கும்போதே காட்டி ஆன்டெனாவின் சாய்வை மாற்றச் சொல்லுங்கள், அவர் மலையிறங்கிவிட்டால் அப்புறம் மாதக்கணக்கு. டவர் வேலியில் எழுதியிருக்கும் சைட் எண்ணை, அதாவது அந்த டவரின் அடையாள எண்ணை, ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். புகார் சொல்லும்போது ஊர் பெயரைவிட அந்த எண் வேகமாக வேலை செய்யும்.