புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஆட்களைப் பேச வைப்பது எப்படி?

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் தண்ணீர்ப் பந்தல் குழுக்களில் செய்தி கொட்டும். ரதம் திரும்பிய மறுவாரமே "காலை வணக்கம்" படங்கள் மட்டும்தான் மிஞ்சும். தாமான் குடியிருப்போர் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு எல்லாவற்றிலும் இதே நிலைதான். "யாருக்கும் அக்கறை இல்லை" என்று நிர்வாகிகள் அலுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அந்தக் குழுவில் யாரையும் எதுவும் கேட்டே இருக்க மாட்டார்கள்.

முதலில் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். இணையக் குழுக்களில் 100 பேர் இருந்தால் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று 2006இல் இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். ஆகவே 80 பேர் குழுவில் வாரத்துக்கு எட்டு, பத்துப் பேர் வாய் திறந்தால் குழு நன்றாகவே இருக்கிறது. எத்தனை செய்தி வந்தது என்று பார்க்காதீர்கள். எத்தனை வேறு வேறு ஆட்கள் எழுதினார்கள் என்று எண்ணுங்கள்.

புதிதாகத் தொடங்குவதானால் கைப்பேசியில் உள்ள 200 எண்களையும் ஒரே மூச்சில் சேர்க்க வேண்டாம். கேட்காமல் சேர்க்கப்பட்டவர் அன்றே குழுவை மௌனமாக்கிவிடுவார், பிறகு எதைப் போட்டாலும் அவருக்குத் தெரியாது. 15, 20 பேரிடம் தனித்தனியாகப் பேசி அழைப்பு இணைப்பை அனுப்புங்கள். நிர்வாகி அனுமதித்த பிறகே புதியவர் உள்ளே வரும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். குழு எதற்காக, இங்கே எதைப் போடக்கூடாது என்பதை விளக்கப் பகுதியில் மூன்றே வரியில் எழுதுங்கள்.

அடுத்தது கேள்வி. குழு வாழ்வதும் சாவதும் இதில்தான். "இந்த ஆண்டுப் பந்தல் பற்றி உங்கள் கருத்துகளைக் கூறவும்" என்று போட்டால் கட்டை விரல் குறி மட்டும்தான் வரும். என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்று படிப்பவருக்குத் தெரியாது. தவறாகச் சொல்லிவிட்டால் நாலு பேர் முன்னால் சங்கடம். அதையே இப்படிக் கேளுங்கள்: "ரத ஊர்வலத்தன்று மாலை 6 முதல் 10 வரை மோர் ஊற்ற 4 பேர் தேவை. யார் வருகிறீர்கள்? பெயர் மட்டும் போடுங்கள்." ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும்; போட்டவருக்கு ஒரு பொறுப்பும் வந்துவிடும்.

வாக்கெடுப்பு இதைவிடச் சுலபம். 12 தெரிவுகள் வரை வைக்க இடமுண்டு, ஆனால் நாலைத் தாண்ட வேண்டாம். ஒருவர் ஒன்றை மட்டும் தேர்வதானால், பல பதில்களை அனுமதிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்டு பார்ப்பவர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். பகலில் போட்டு இரவே முடித்தால் அவர்கள் விடுபடுவார்கள். 48 மணி நேரம் விடுங்கள். புலன வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். நிதி, கோயில் நிர்வாகம் போன்ற கூச்சமான விஷயங்களுக்கு அது ஆகாது. டெலிகிராமில் பெயர் காட்டாத வாக்கெடுப்பு உண்டு.

ஒருவர் முதன்முறை எழுதினால் அன்றைக்குள் அவர் பெயரைச் சொல்லி, அவர் செய்தியைப் பிடித்தே பதில் போடுங்கள். வெறும் இதயக் குறி போதாது. "சரி அக்கா, மேசை இரண்டு உங்க வீட்டுலேர்ந்து எடுத்துக்குறோம், வெள்ளிக்கிழமை ராத்திரி தம்பியை அனுப்புறேன்" என்ற மாதிரி இருக்க வேண்டும். பதில் கிடைக்காத முதல் செய்திதான் பலருக்குக் கடைசிச் செய்தி.

எழுத்துப் பிழையைக் குழுவில் திருத்தவே கூடாது. மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ரோமன் எழுத்தில் போட்டாலும் வரவேற்று, நீங்கள் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். பெரியவர்கள் குரல் பதிவு அனுப்பட்டும். வேலையில் இருப்பவர் கேட்க முடியாதென்பதால் அதன் சாரத்தை ஒரு வரியில் கீழே எழுதிவிடுங்கள். இந்த ஒரு வேலையை ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தால் அவரும் குழுவோடு ஒட்டிக்கொள்வார்.

ஃபார்வர்டு வந்தால் நிர்வாகி எல்லாருக்குமாக அழித்துவிட்டு, அனுப்பியவருக்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். சபையில் கண்டித்தால் அவரோடு இன்னும் பத்துப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். இனம், மதம், அரச பீடம் என்ற 3ஆர் விவகாரத்தில் மட்டும் உடனடியாக நடவடிக்கை எடுங்கள். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு பகிர்ந்தவர் மீதும் பாயலாம். சண்டை முற்றினால் இரவு 10 மணிக்கு "நிர்வாகிகள் மட்டும் எழுதலாம்" என்று பூட்டி, காலை 7 மணிக்குத் திறப்போம் என்று சொல்லி, சொன்னபடி திறந்துவிடுங்கள். வாரக்கணக்கில் பூட்டி வைத்த குழு பிறகு எழும்பாது.

பணம் திரட்டினால் வரவு செலவை நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் குழுவிலேயே போடுங்கள். உறுப்பினர் ஒருவரின் எண்ணிலிருந்து திடீரென்று பணமோ புலனத்தின் ஆறு இலக்க உறுதிப்படுத்தும் எண்ணோ கேட்டு வந்தால், அவரை நேரடியாக அழைத்து உறுதி செய்யும் வரை யாரும் கொடுக்கக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே வங்கியையும் தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணையும் அழைக்க வேண்டும். இதை விளக்கப் பகுதியில் நிரந்தரமாக வைக்கலாம்.

விழா முடிந்ததும் வேலை செய்தவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டி, இரண்டு வாரத்துக்குள் அடுத்த சிறு வேலையை வையுங்கள். ஒரு கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவுப் பணி), பழைய பள்ளிப் புத்தகம் கைமாற்றல், எதுவானாலும் சரி. நிர்வாகிகள் மூவராவது இருக்கட்டும், ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் இரவு ஷிப்டுக்காரராகவும் இருந்தால் நல்லது. ஒரே நிர்வாகி வெளியேறினால் புலனம் தானாகவே யாரோ ஒருவரை நிர்வாகியாக்கிவிடும்.