அதே கடல் பாடம், வளர்ந்த பிள்ளைக்கு

பைபிள் சொல்லும் படைப்பின் ஆறு நாள் வரிசையில் போகும் வீட்டுக்கல்வி அறிவியல் புத்தகம் பிள்ளை வளர்ந்ததும் வீணாகாது. வசனமும் வரிசையும் அப்படியே. கேள்வியை மட்டும் மாற்றினேன்.

கடல் உயிர்கள் படைக்கப்பட்ட ஐந்தாம் நாள் பாடத்தில், ஏழு வயதுக்கு உப்புநீரில் முட்டை மிதப்பதைப் பார்த்தால் போதும். பன்னிரண்டு வயதுக்கு அளக்க வேண்டும். பாம்பன் கடல்நீரை அப்படியே ஊற்றினால் புது முட்டை மூழ்கும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு பற்றாது. பத்துப் பத்து கிராமாகக் கல்லுப்பைச் சேருங்கள். பெரும்பாலும் லிட்டருக்கு மொத்தம் 100 கிராம் தாண்டித்தான் எழும்பும். நன்றாகக் கலக்காவிட்டால் அடியில் உப்பு தங்கி, முட்டை நடுவில் தொங்கும். (அதுவே தனிப் பாடம்!) பழைய முட்டை வேண்டாம், காற்றறை பெருத்துச் சீக்கிரமே மிதந்துவிடும். அளவுகளைத் தனி நோட்டில் எழுதட்டும், புத்தகம் தம்பிக்கு வேண்டும்.