பார்க்கின்சன் நோயோடு கவிதை எழுதத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

யோசிப்பதையும் கையால் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். பார்க்கின்சன் நோயோடு வாழும் நான், கவிதை எழுத விரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். எழுத்தின் அளவையும் வேகத்தையும் நாம் கவனிக்காமலே பார்த்துக்கொண்டிருந்த மூளைப்பகுதி, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்தபின் அந்த வேலையைச் சரிவரச் செய்வதில்லை. அதனால் முன்பு தானாக ஓடிய கையெழுத்து இப்போது முழுக் கவனத்தையும் கேட்கிறது. சொல்லைத் தேடினால் எழுத்து சுருங்குகிறது, எழுத்தைக் கவனித்தால் நாவில் வந்த சொல் நழுவிவிடுகிறது. ஆகவே இந்தச் செய்முறையில் கவிதையை வாயால் சொல்லி முடித்த பிறகே பேனாவை எடுக்கிறோம்.

படி 1: நேரம்

மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்கு, மருந்து நன்றாக வேலை செய்யும் பொழுதும், அடுத்த மாத்திரைக்கு முன் உடல் இறுகிக் கிடக்கும் பொழுதும் தெரிந்தே இருக்கும். கையால் எழுதும் வேலையை முன்னதில் வையுங்கள். உடல் இறுகிய பொழுதில் ஓரடியை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கலாம். எழுதுவதற்காக மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

படி 2: பொருளும் அடியும்

வலி, நம்பிக்கை, விதி போன்ற பெரிய சொற்களைத் தொடக்கத்தில் ஒதுக்கிவிட்டு, இன்று உங்கள் கை செய்ய முயன்ற ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுக்குள் நுழைய மறுத்த சாவியும் கதவருகே வந்ததும் தரையோடு ஒட்டிக்கொண்ட காலும் போதுமான பொருள்களே. ஓரடிக்கு நான்கு சீருக்கு மேல் வேண்டாம். ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிய வேண்டும்.

அடிதோறும் மோனை வருமாறு, அதாவது அடிகளின் முதலெழுத்துகள் ஒத்து வருமாறு, அமைப்பதை நான் வற்புறுத்துவேன். தரையில் ஒரு கோடு இருந்தால் உறைந்த கால் அதைத் தாண்டி நகர்வதையும், தாளம் கேட்டால் நடை சீராவதையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அடுத்த அடியைத் தொடங்க முடியாமல் நிற்கும்போது, இந்த எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு எனக்கு அப்படித்தான் உதவுகிறது. இப்படி அமைந்த ஒன்று:

பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே
பொழுது முழுவதும் நிற்கிறது;
போகட்டும் என்கிறேன்,
போக மறுக்கிறது விரல்.

படி 3: குரல்

செல்பேசியின் சாதாரணக் குரல் பதிவே போதும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகளைத் தொடக்கத்தில் நான் பரிந்துரைப்பதில்லை. நம் குரல் நாம் நினைப்பதைவிடத் தாழ்ந்தும் சில இடங்களில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் வருவதால், செயலி தப்பாகக் கேட்டதைத் திருத்துவதிலேயே பொழுது போய்விடுகிறது. அறையின் மறுமூலையில் இருப்பவருக்குச் சொல்வதாக எண்ணி, ஒவ்வோர் அடிக்கு முன்னும் மூச்சை இழுத்து, உரக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அது கத்துவதுபோல் தோன்றலாம். கேட்பவருக்குப் பெரும்பாலும் இயல்பான குரலாகவே இருக்கும்.

படி 4: தாள்

இந்தப் படியில்தான் நான் நெடுங்காலம் சிக்கிக் கிடந்தேன். இந்த நோயை 1817-இல் விரிவாக விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சனே, நோய் முற்றும்போது எழுதுவது ஏறக்குறைய இயலாமல் போவதைக் குறித்திருக்கிறார். பலருக்கு நடுக்கத்தைவிட எழுத்துச் சுருக்கமே பெரிய தடை. நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது மிகுந்து, வேலையில் இறங்கியதும் குறைகிறது. வரியின் தொடக்கத்தில் விரல்நகம் அளவுக்கு இருந்த 'ம', வரி முடிவதற்குள் எள்ளளவாகிவிடும்.

அகலமான இரட்டைக்கோடு போட்ட தாளை எடுத்து, எழுத்தின் உடல் மேற்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொட வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். 'கி'யின் சுழியும் 'கு'வின் வாலும் கோட்டுக்கு வெளியே போகட்டும். பதிவில் ஓரடி மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஒரு சொல்லை எழுதி, பேனாவைத் தாளிலிருந்து தூக்கி, "பெரிதாக" என்று வாய்விட்டுச் சொல்லி, அடுத்த சொல்லுக்குப் போங்கள். சுருங்கத் தொடங்கிய வரியை முடித்தே தீர வேண்டும் என்று தொடராதீர்கள். பேனாவைக் கீழே வைத்து, கையை உதறி விரித்து, புதிய வரியில் தொடங்குங்கள். எழுதும்போது மேலும் நல்ல சொல் தோன்றினால், அதைப் பதிவில் சொல்லி வைத்துவிட்டுப் பழைய சொல்லையே எழுதி முடியுங்கள். திருத்தம் நாளைய வேலை.

பேனா தடித்ததாகவும், அழுத்தாமலே மை இறங்குவதாகவும் இருக்கட்டும். என் தேர்வு ஜெல் பேனா. பால்பாயிண்ட் கேட்கும் அழுத்தம் விரலை விரைவில் இறுக்கிவிடுகிறது. எடை கூடிய பேனாக்கள் எல்லோருக்கும் பொருந்துவதில்லை, வாங்குமுன் எழுதிப் பாருங்கள்.

படி 5: வாசித்தல்

முடிந்த கவிதையை ஒருவர் முன் வாசியுங்கள். இந்த நோயில் முகத்தசைகள் இறுகுவதால், உள்ளே எழும் சிரிப்பும் துயரமும் வெளியே தெரியாமல், "கோபமா?" என்று வீட்டிலிருப்பவர்களே கேட்கும் நிலை வருகிறது. முகம் காட்டாததைக் கவிதை அவர்களிடம் சொல்லிவிடுவதை நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். இத்தனை பாடும் அதற்காகத்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. டோபமைன் சார்ந்த மருந்துகள், குறிப்பாக டோபமைனைப் போலவே செயல்படும் டோபமைன் அகோனிஸ்ட் வகை மாத்திரைகள், சிலரிடம் ஒரு செயலை நிறுத்த முடியாத உந்துதலை உண்டாக்குகின்றன. இரவுத் தூக்கத்தையும் உணவையும் விட்டுவிட்டு எழுதிக்கொண்டே இருந்தால், அதைக் கவிதை வேகம் என்று மகிழாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை

கணினியில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டுபவர்கள் சிலர், "பகல்" என்று அடித்தால் "பக்கல்" என்று விழுவதாக எழுதியிருந்தார்கள். நடுங்கும் விரல் 'க' விசையை இருமுறை தொடும்போது, அந்த விசைப்பலகை தன் விதிப்படி முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துவிடுகிறது. விண்டோஸில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் இருக்கும் ஃபில்டர் கீஸ் வசதியை இயக்கினால், மிகக் குறுகிய இடைவெளியில் மீண்டும் விழும் தட்டல்கள் புறக்கணிக்கப்படும். அப்போது "பக்கம்" என்று வேண்டுமென்றே அடிக்கும்போது இரண்டு 'க'வுக்கும் இடையில் சற்று நிறுத்த வேண்டும். இடைவெளியை மிகச் சிறிய அளவில் தொடங்கி, உங்கள் விரலுக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.